பேசும் கைப்பேசியும் இரகசிய எண்ணும்

கண் பார்வையற்றவர் கைப்பேசியைக் கையாள்வது நம் வியாபாரிகள் பலருக்கு இன்னும் வியப்பாகவே இருக்கிறது. திரையில் இருப்பதை வாய்விட்டுப் படிக்கும் ஏற்பாடு கைப்பேசிக்குள்ளேயே உண்டு. ஐபோனில் அதற்கு வாய்ஸ்ஓவர் என்று பெயர். 2009-ஆம் ஆண்டு முதல் இருந்து வருகிறது. ஆண்ட்ராய்டில் டாக்பேக் என்பார்கள். இரண்டுக்கும் தனிக் காசு கிடையாது. நீரிழிவினால் பார்வை மங்கிய நம் பெரியவர்களுக்கும் இது பயன்படுமாதலால், இப்பாடம் அவர்களுக்கும் சேர்த்தே எழுதப்படுகிறது.

பார்வையுள்ளவர் இரகசிய எண்ணை அழுத்தும்போது திரையில் வெறும் புள்ளிகள்தாம் விழும். பார்வையற்றவர் நிலை வேறு. வழவழப்பான கண்ணாடியில் எந்த எண் எங்கே என்று விரலுக்குத் தெரியாது. ஆகவே விரல் படும் எண்ணைக் கைப்பேசி 'நான்கு', 'ஏழு' என்று சொல்ல, அதைக் கேட்டே அவர் வேண்டியதை அழுத்துகிறார். கல்லாவின் முன் நாலு பேர் நிற்கையில் இப்படிக் கூவினால் அது இரகசியமா, ஏலமா?

எண்ணைச் சொல்லாமலே இருக்கச் செய்தால் என்ன என்று கேட்கலாம். கேள்வி நியாயமானதே. கணினியில் அது நடக்கும். இலவசமாகக் கிடைக்கும் என்.வி.டி.ஏ. என்னும் திரைவாசிப்பான், கடவுச்சொல் கட்டத்தில் எந்த எழுத்தைத் தட்டினாலும் 'ஸ்டார்' என்று மட்டும் சொல்லும். விசைகள் விரலுக்குத் தட்டுப்படுவதால் அவருக்கு அது போதும். (எத்தனை எழுத்து என்பது மட்டும் பக்கத்திலிருப்பவர் காதில் விழுந்துவிடும்.) கைப்பேசியில் இது செல்லாது. முன்னாளைய ஆண்ட்ராய்டு சிலவற்றில், இயர்போன் செருகாவிட்டால் எல்லா எண்ணுக்கும் 'டாட்' என்றே சொல்லி வந்தது. திருடன் ஏமாந்தான், வாஸ்தவம். உடையவரும் உள்ளே போக முடியாமல் வாசலிலேயே நின்றார்!

ஆதலால் இயர்போன்தான் வழி. ஒரு காதில் இருந்தால் போதும். மறு காது கடைப் பேச்சுக்கு. ஆனால் ஒன்று கவனிக்க வேண்டும். கைப்பேசி கடையிலுள்ள புளூடூத் ஒலிபெருக்கியோடு இணைந்திருந்தால், எண் அதில் முழங்கிவிடும். முதலில் அதைத் துண்டிக்க வேண்டும்.

காதை அடைத்தாயிற்று, பிறர் கண்? யார் எட்டிப் பார்க்கிறார் என்பது அவருக்குத் தெரியாதல்லவா? ஐபோனில் வாய்ஸ்ஓவர் இயங்கும்போது மூன்று விரல்களால் மும்முறை தட்டினால் திரை கறுத்துவிடும். பேச்சும் வேலையும் வழக்கம்போல் நடக்கும். டாக்பேக்கிலும் திரையை மறைக்கும் வசதி உண்டு. விரல்ரேகை வைத்துத் திறப்பது இவற்றினும் எளிது. ஆனால் கைப்பேசியை அணைத்துப் போட்டால் மறுபடி எண்ணைத்தான் கேட்கும். எனவே எண் பழக்கமும் அவசியம்.

இனி நம் கடைப் பக்கம் வருவோம். மலேசியாவில் 2017 ஜூலை முதல் அட்டைக்குக் கையெழுத்து போய், ஆறு இலக்க இரகசிய எண் வந்தது. பார்வையற்ற வாடிக்கைக்காரர் வந்தால், "நம்பரைச் சொல்லுங்க பாய், நான் அழுத்தித் தர்றேன்" என்கிறார்கள் சிலர். நல்ல எண்ணந்தான். ஆனால் பிறகு அந்தக் கணக்கில் பணம் குறைந்தால் முதலில் யார் பெயர் வரும்? அவராகவே சொல்ல வந்தாலும் தடுத்துவிடுங்கள்.

விசையுள்ள கருவியாயின் அவர் கையில் கொடுத்து, ஐந்தின்மேல் உள்ள சிறு புடைப்பில் அவர் விரலை வைத்துவிட்டால், மற்ற எண்களை அவரே கண்டுகொள்வார். புடைப்பில்லாத கண்ணாடிக் கருவியாயின், அட்டையைத் தொட்டுச் செலுத்தச் சொல்லலாம். சிறு தொகைக்கு எண் கேட்காது. அல்லது அவருடைய கைப்பேசியிலிருந்தே இயர்போனோடு அனுப்பட்டும். எவ்வழியாயினும், தொகையை மட்டும் அவர் காதில் விழும்படி முன்கூட்டியே தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். கருவியில் நாம் அடித்த தொகையை அவரால் பார்க்க முடியாது.