ஐம்பத்தெட்டா, அறுபதா?

சென்னைத் துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற என் மச்சானுக்குப் பஞ்சப்படியோடு பென்ஷன் வருகிறது. எந்த வயதில் வாங்குவது என்று அவர் யோசித்ததே இல்லை. திருவொற்றியூர், எண்ணூர் கம்பெனிகளில் பி.எஃப். பிடித்தத்தோடு உழைத்த எங்களுக்குத்தான் அந்தத் தலைவலி. 1995 நவம்பரில் வந்த திட்டப்படி முழு பென்ஷன் 58 வயதில். வேலையை விட்டவர் 50 முதலே கேட்கலாம். குறைகிற ஒவ்வொரு வருஷத்துக்கும் 4 சதவீதம் வெட்டு. 60 வரை தள்ளிப்போட்டால் வருஷத்துக்கு 4 சதவீதம் கூடும்.

கூடும் என்றதும் ஆசை வரும். எனக்கும் வந்தது. மாதம் 3,000 வர வேண்டியவர் வேலையும் இல்லாமல் இரண்டு வருஷம் காத்திருந்தால் கைவிடுவது 72,000. கூடுதலாகக் கிடைப்பது மாதம் சுமார் 240. விட்டதைப் பிடிக்க 300 மாதம், அதாவது 85 வயது! நாற்பது வருஷம் எண்ணூர்ப் புகையைக் குடித்த நுரையீரலை நம்பி அந்தப் பந்தயம் கட்ட எனக்கு மனசில்லை. 58 முடிந்ததும் 10டி படிவத்தைக் கொடுத்துவிட்டேன்.

அப்படியானால் 52, 53-லேயே வாங்கிவிடலாமே என்று கான்ட்ராக்ட் தம்பிகள் கேட்பார்கள். வெறும் கூட்டல் கழித்தலில் அதுவும் சரிதான். ஆனால் வெட்டிய தொகை 58 ஆனாலும் ஏறாது, பஞ்சப்படியும் கிடையாது. நாம் போன பிறகு மனைவிக்கு வருவது அதில் பாதி. மறுபடி பி.எஃப். உள்ள வேலைக்குப் போக வாய்ப்பிருந்தால் பொறுப்பதே மேல். சம்பளத்தை சர்வீஸ் வருஷங்களால் பெருக்கி 70-ஆல் வகுப்பதுதான் பென்ஷன். 15,000 உச்சவரம்பில் இருப்பவருக்கு ஒரு வருஷம் கூடினாலே ஆயுசுக்கும் மாதம் 214 ரூபாய் ஏறும். உடம்பு ஒத்துழைக்காதவர், கடனில் மூழ்கியவர் வாங்கட்டும். அவர்களிடம் நான் வாதாடுவதில்லை.

வயதைவிட அதிகம் பேரைக் கவிழ்ப்பது சர்வீஸ் கணக்கு. பென்ஷனுக்குக் குறைந்தது 10 வருஷம் வேண்டும். கான்ட்ராக்டர் மாறும்போதெல்லாம் புது பி.எஃப். நம்பர் விழுந்திருந்தால் எல்லாவற்றையும் ஒரே யுஏஎன்-இல் சேருங்கள். வேலையை விட்ட தேதி பதிவாகியிருக்கிறதா, ஆதாரிலுள்ள பிறந்த தேதியோடு ஒத்துப்போகிறதா என்றும் பாருங்கள். இதையெல்லாம் 55 வயதிலேயே தொடங்குங்கள். பழைய கான்ட்ராக்டர் கையெழுத்துப் போட ஊரில் இருக்கும்போதே.