வானில் தீக்கோளம் கண்டால்



இஷாத் தொழுதுவிட்டு, புக்கிட் ரோத்தானிலிருந்து கோலசிலாங்கூருக்குத் திரும்பும் ஒரு வியாபாரி, எண்ணெய்ப்பனைத் தோட்டத்திற்கு மேலே பச்சை ஒளிப்பந்து ஒன்று பாய்ந்து மறைவதைக் காண்கிறார் என்று வைத்துக்கொள்வோம். மறுநாள் கடையில் என்ன பேச்சு நடக்கும்? “அடுத்த தோட்டத்தில் நெருப்பு விழுந்தது” என்பார் ஒருவர். “பெரிய மனிதர் யாரோ மவுத்தாகப் போகிறார்” என்பார் மற்றொருவர். இரண்டையும் ஆராய்வோம்.

வெள்ளிக் கிரகத்தைவிடப் பிரகாசமாக எரியும் எரிகல்லையே தீக்கோளம் என்கிறோம். விண்ணில் திரியும் கல், வினாடிக்கு 11 முதல் 72 கிலோமீட்டர் வேகத்தில் காற்று மண்டலத்தில் புகுகிறது. எதிரேயுள்ள காற்று நசுங்கிக் கடுஞ்சூடாவதால் கல் உருகி ஒளிர்கிறது. ஒளிரத் தொடங்குவது சுமார் 100 கிலோமீட்டர் உயரத்தில்! ஆகவே, மரங்களுக்குப் பின்னால் விழுந்ததாகத் தோன்றியது மலாக்கா நீரிணைக்கு மேலேயோ, சுமத்ராவுக்கு மேலேயோ எரிந்திருக்கலாம். பெரும்பாலானவை தரையை எட்டுவதேயில்லை.

மவுத்துப் பேச்சுக்கு மறுப்பு மிகப் பழையது. நபி (ஸல்) அவர்கள் ஓரிரவு தோழர்களுடன் அமர்ந்திருக்கையில் எரிநட்சத்திரம் ஒன்று பாய்ந்தது. அறியாமைக் காலத்தில் இதைப் பற்றி என்ன சொல்லி வந்தீர்கள் என்று கேட்டார்கள். பெரியவர் ஒருவர் பிறந்தார் அல்லது இறந்தார் என்போம் என்றனர் தோழர்கள். எவருடைய பிறப்புக்கும் இறப்புக்கும் அது எறியப்படுவதில்லை என்று நாயகம் அவர்கள் தெளிவாக்கிய செய்தி ஸஹீஹ் முஸ்லிமில் உள்ளது.

கண்ணால் கண்டதும் ஏமாற்றக்கூடும். 2022 ஜூலை 31 அன்று நள்ளிரவு கழிந்து, சரவாக்கின் கூச்சிங் வானில் ஒளித்துண்டுகள் சென்றன. பலர் எரிகல் என்றே எண்ணினர். அதுவோ சீனாவின் லாங் மார்ச் 5பி ராக்கெட்டின் சிதைந்த பாகம். எரிகல் சில வினாடிகளில் மறையும். ராக்கெட் துண்டுகள் மெதுவாக, கூட்டமாக, வானின் குறுக்கே நெடுநேரம் செல்லும்.

புக்கிட் மலாவத்தியில் பிறை பார்ப்பவரிடம் நேரமும் திசையும் கேட்கிறோமல்லவா? அதே கண்டிப்பு இங்கும் வேண்டும்:

1. மணியும் நிமிஷமும் உடனே குறிக்க வேண்டும்.

2. நின்ற இடம், தோன்றிய திசை, மறைந்த திசை ஆகியவற்றை மரம், கலங்கரை விளக்கம் போன்ற அடையாளத்தோடு எழுத வேண்டும்.

3. எத்தனை வினாடி எரிந்தது, என்ன நிறம், ஓசை எவ்வளவு நேரம் கழித்து வந்தது என்பவற்றையும் சேர்க்க வேண்டும்.

கோலசிலாங்கூரில் ஒருவரும் சபாக் பெர்ணமில் ஒருவரும் இவ்வாறு எழுதினால், இரு குறிப்பையும் ஒப்பிட்டுக் கல் சென்ற பாதையை அறிஞர்கள் கணக்கிடுவர்.

மற்றோர் எச்சரிக்கை. பேரொளி கண்டால் ஜன்னலருகே ஓடாதீர். 2013 பிப்ரவரி 15-ல் ரஷ்யாவின் செல்யாபின்ஸ்க் நகரில் அப்படித்தான் வேடிக்கை பார்த்தனர். சுமார் இரண்டு நிமிஷம் கழித்து வந்த அதிர்வலை கண்ணாடிகளை நொறுக்கியது. சுமார் 1,500 பேர் காயமுற்றனர்.

பேரேட்டில் எழுதாத பற்று வழக்கில் நிற்காது. குறித்து வைக்காத காட்சியும் மறுநாளே வதந்தியாகிவிடும். ஆதலால், கண்டதைக் கண்டபடி எழுதி வைப்போமாக!