முதலில் ஊன்றுகோல்

என் கணவர் 2021 மே மாதம், கொரோனா இரண்டாம் அலையில் போனார். ஏப்ரல் 26-லிருந்து கோயில்களில் பக்தர்களை அனுமதிக்கவில்லை. பத்தாம் நாள் காரியத்துக்குக்கூட உறவுகள் வர முடியவில்லை. ஜூலை 5 அன்று கோயில்கள் திறந்தன. கூப்பிடு தூரத்தில் கோதண்டராமர் கோயில் இருந்தும் எனக்குப் போகப் பிடிக்கவில்லை. சாயங்காலம் விளக்கேற்றுவதும் நின்றுபோயிருந்தது.

மேற்கு மாம்பலத்தில் அந்த வருஷம் இப்படி எத்தனையோ வீடுகள். என்னைப் போல் மனசு விட்டுப்போனவர்களுக்காகவே இதை எழுதுகிறேன்.

பக்தி திரும்பி வரட்டும், பிறகு கோயிலுக்குப் போகலாம் என்று காத்திருக்காதீர்கள். பக்தியோடு நாலு பேர் உட்கார்ந்திருக்கும் இடத்தில் போய்ச் சும்மா உட்காருங்கள். எனக்கு அப்படித்தான் தொடங்கியது. பக்கத்து ஃபிளாட் மாமி ஒருநாள் என் வீட்டு வாசலில் வந்து நின்றார். "சேவிக்க வேண்டாம், ஸ்லோகம் சொல்ல வேண்டாம். ஃபேன் காத்துல உக்காந்துட்டு வரலாம், வாங்கோ" என்றார். அவர் கூட்டிப்போனது ஆரிய கௌடா ரோட்டில் ஸ்ரீராம சமாஜத்தின் அயோத்தியா மண்டபத்துக்கு. வெளியே காய்கறிப் பேரமும் ஆட்டோ சத்தமும், உள்ளே உபன்யாசம். பல வாரங்கள் எதுவும் காதில் ஏறவில்லை. ஆனாலும் போனேன். ஒரு மணி நேரம் அழாமல் இருக்க ஓர் இடம் கிடைத்ததே எனக்குப் பெரிதாக இருந்தது.

அப்புறம் ஒரு நாள் அங்கே சுந்தரர் கதை கேட்டேன். சின்ன வயதிலிருந்து தெரிந்த கதைதான். மனைவி சங்கிலி நாச்சியாருக்குக் கொடுத்த வாக்கை மீறித் திருவொற்றியூர் எல்லையைத் தாண்டியதும் சுந்தரருக்கு இரண்டு கண்ணும் போய்விடுகிறது. திருவெண்பாக்கத்தில் கிடைப்பது ஊன்றுகோல் மட்டும். காஞ்சியில் இடக்கண். வலக்கண்ணுக்குத் திருவாரூர் வரை நடக்க வேண்டியிருந்தது. வழியெல்லாம் சிவனிடம் உரிமையோடு சண்டை போட்டுப் பாடிக்கொண்டே போனார். அந்தப் பாட்டுகள் தேவாரத்தில் இருக்கின்றன. கோபித்தவரை யாரும் தள்ளி வைக்கவில்லை. அன்று ராத்திரி சுவாமி படத்துக்கு முன்னால் நின்று, மனசில் இருந்த அத்தனையையும் சத்தமாகவே கேட்டேன். உங்களுக்கும் கோபம் இருந்தால் சுவாமியிடமே சொல்லுங்கள். அதுவும் பேச்சுவார்த்தைதான்.

சுந்தரருக்கு ஊன்றுகோல் கிடைத்த அந்தத் திருவெண்பாக்கம் இன்று பூண்டி நீர்த்தேக்கத்துக்குள் இருக்கிறது. 1944-ல் அணை கட்டி முடித்தார்கள். ஊன்றீஸ்வரர் கோயிலை மேட்டில் புதிதாக எழுப்பினார்கள். ஒருமுறை போய் வாருங்கள்.

சடங்குகளையும் அலட்சியமாக விடாதீர்கள். மாதாமாதம் செய்யும் மாசிகத்துக்காக, பித்ரு காரியங்கள் நடக்கும் ஞானவாபிக்குப் போனபோது, அங்கே இருந்த எல்லோருமே யாரையோ இழந்தவர்கள். யாரும் எதுவும் விசாரிக்கவில்லை. தர்ப்பைப் பவித்திரம் போட்ட மகனின் கையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். என் கணவருக்குச் செய்ய இன்னும் ஏதோ பாக்கி இருக்கிறது என்ற எண்ணமே பிடிப்பாக இருந்தது.

மற்றவர்களுக்கும் ஒரு விஷயம் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். குங்குமத் தட்டு வரும்போது கணவனை இழந்தவளைத் தாண்டிப் போகாதீர்கள். கோயிலை விட்டு ஒரு பெண்ணை நிரந்தரமாக விரட்ட அந்த ஒரு நொடி போதும்.

துக்க வீட்டில் "எல்லாம் பகவான் சித்தம்" என்று விளக்கம் சொல்லவும் வேண்டாம். "நாளைக்கு அஞ்சரைக்கு வரேன், சேர்ந்து போகலாம்" என்று சொல்லிவிட்டு, அஞ்சரைக்குப் போய் பெல் அடியுங்கள். அவர்கள் வரவில்லை என்றால் அடுத்த வாரமும் அடியுங்கள்.