வால்வைக் கழற்றும் முன்

நள்ளிரவில் யாரும் குழாயைத் திறக்காதபோது தண்ணீர் பம்ப் ஒரு நொடி உறுமி அடங்கினால், படகுக்குள் எங்கோ தண்ணீர் போய்க்கொண்டிருக்கிறது என்று பொருள். இங்கிலாந்தின் கால்வாய்களில் நாரோபோட்டில் குடியிருப்பவர்களுக்கு நன்றாகத் தெரிந்த சத்தம் இது. தேடிக்கொண்டு போனால், பல நேரம் வெந்நீர் டாங்கின் மேல்பக்கம் இருக்கும் பிரஷர் ரிலீஃப் வால்வில் போய் நிற்போம். உடனே பலரும் புது வால்வு வாங்கக் கிளம்பிவிடுவார்கள். அதற்கு முன் ஒரு பாட்டில் தேடுங்கள் என்றுதான் நான் எல்லோரிடமும் சொல்கிறேன்.

ஏழடி அகலமே உள்ள இந்தப் படகுகளில் வெந்நீர் டாங்கைக் கலோரிஃபையர் என்பார்கள். எஞ்சினைக் குளிர்விக்கும் சூடான நீர், டாங்குக்குள் இருக்கும் செப்புச் சுருள் வழியாக ஓடி உள்ளே உள்ள தண்ணீரைக் காய்ச்சும். கரையில் மின் இணைப்பு கிடைத்தால் உள்ளே ஒரு ஹீட்டரும் வேலை செய்யும். 55 லிட்டர் டாங்கில் 15 டிகிரியில் இருக்கும் தண்ணீர் 80 டிகிரிக்கு ஏறும்போது ஏறக்குறைய ஒன்றரை லிட்டர் விரியும். தண்ணீரை அமுக்கி அடக்க முடியாது. பம்ப் வந்த வழியே திரும்பவும் விடாது. குழாய்களும் மூடியிருக்கின்றன. அந்த ஒன்றரை லிட்டர் எங்கே போகும்? பம்ப் 2 பாரில் நின்றுவிடும். வெப்பம் அழுத்தத்தை 3 பாருக்குத் தள்ளும். அங்கே வால்வு திறந்து கொஞ்சம் கொட்டிவிட்டு மூடிக்கொள்ளும். அதாவது பாதிக்குப் பாதி கேஸ்களில் கசியும் வால்வு தன் வேலையைச் சரியாகச் செய்துகொண்டிருக்கிறது.

அக்ஸ்பிரிட்ஜ் பக்கம் படகு கட்டியிருந்த நம்மூர்த் தம்பி ஒருவர் போனில் கூப்பிட்டார். “அண்ணா, வால்வை மாத்திட்டேன், புதுசு. இன்னும் சொட்டுது.” எப்போது சொட்டுகிறது என்று கேட்டேன். எஞ்சின் ஓடும்போது மட்டும் என்றார். பதில் அதிலேயே இருந்தது. வால்வின் வெளியேற்றுக் குழாய் முனையில் ஒரு பாட்டிலைக் கட்டி, எஞ்சினை ஓட்டி, எவ்வளவு சேருகிறது என்று பார்க்கச் சொன்னேன். தண்ணீர் காயும்போது மட்டும் ஒரு லிட்டருக்குப் பக்கமாகச் சேர்ந்து, ஆறியதும் நின்றுவிட்டால், குற்றம் வால்வில் இல்லை, எக்ஸ்பான்ஷன் டாங்கில். ஆறிய பிறகும், குளிர்ந்த காலையிலும் விடாமல் சொட்டினால் வால்வின் இருக்கையில் அழுக்கோ தேய்மானமோ இருக்கிறது. இந்த ஒரு சோதனை வீண் செலவையும் வீண் வேலையையும் மிச்சப்படுத்தும்.

எக்ஸ்பான்ஷன் டாங்க் என்பது நடுவில் ரப்பர் சவ்வு வைத்த சின்ன இரும்புக் குடுவை. ஒரு பக்கம் தண்ணீர், மறுபக்கம் காற்று. விரியும் தண்ணீர் காற்றை அமுக்கிக்கொண்டு அங்கே இடம் பிடிக்கும். அதன் அடியிலோ தலையிலோ கார் டயரில் இருப்பது போன்ற வால்வு ஒன்று இருக்கும். அதன் மூடியைக் கழற்றி ஊசியை லேசாக அமுக்குங்கள். காற்று வந்தால் சரி. தண்ணீர் பீய்ச்சினால் சவ்வு கிழிந்துவிட்டது, குடுவையையே மாற்ற வேண்டியதுதான். காற்றழுத்தத்தை அளக்க ஒரு நிபந்தனை உண்டு: பம்பை நிறுத்தி, வெந்நீர்க் குழாயைத் திறந்து, அழுத்தம் முழுக்க இறங்கிய பிறகுதான் அளக்க வேண்டும். இல்லாவிட்டால் கேஜ் காட்டுவது தண்ணீரின் அழுத்தத்தையே. காற்றே குறைந்துபோன குடுவையும் அப்போது 2 பார் காட்டும். பம்ப் நிற்கும் அழுத்தத்துக்குச் சமமாகச் சைக்கிள் பம்பால் காற்றை நிரப்பினால் போதும்.

அளவும் முக்கியம். 2 பாரில் காற்று வைத்த குடுவை, 3 பார் வரும்வரை தன் கொள்ளளவில் கால் பங்குத் தண்ணீரைத்தான் வாங்கும். 2 லிட்டர் குடுவை அரை லிட்டர்தான் வாங்கும். மிச்சம் வால்வு வழியே போகும். 55 லிட்டர் டாங்குக்கு 8 லிட்டர் குடுவை வையுங்கள். தம்பியின் படகில் இருந்தது 2 லிட்டர், அதிலும் காற்று இல்லை. 8 லிட்டர் மாட்டியதும் பாட்டில் காய்ந்தே கிடந்தது.

வால்விலேயே கோளாறு என்றால் முதலில் கழுவிப் பாருங்கள். லண்டனிலிருந்து பர்மிங்ஹாம் போகும் கிராண்ட் யூனியன் கால்வாய், பெர்க்கம்ஸ்டட், டிரிங் பக்கம் சுண்ணாம்புப் பாறை நிலத்தின் ஊடாகப் போகிறது. அந்த வட்டாரத்துக் குழாய்த் தண்ணீர் கெட்டிலில் வெள்ளையாகப் படிவதைப் போலவே வால்வின் இருக்கையிலும் படியும். தண்ணீர் ஆறியிருக்கும்போது, பம்ப் ஓட, வால்வின் தலையைத் திருகிச் சில நொடி பலமாகக் கொட்ட விடுங்கள். துகள் இருந்தால் அடித்துக்கொண்டு போய்விடும். நான்கைந்து முறை செய்தும் சொட்டினால் மாற்றிவிடுங்கள். பிரித்து ஸ்பிரிங்கைத் தொட வேண்டாம். அது தொழிற்சாலையில் அளந்து வைத்தது.

மாற்றும்போது பம்பையும் ஹீட்டரையும் அணைத்து, டாங்கை ஆறவிட்டு, வெந்நீர்க் குழாயைத் திறந்து வைத்துக்கொண்டு, வால்வு இருக்கும் மட்டத்துக்குக் கீழே தண்ணீர் இறங்கும்வரை வடியுங்கள். பழைய வால்வு உப்பேறி இறுகியிருக்கும். ஒரு ஸ்பேனரால் டாங்கின் மரைக் கழுத்தைப் பிடித்துக்கொண்டு இன்னொன்றால் வால்வைத் திருப்புங்கள். டாங்கின் செப்புத் தகடு மெல்லியது. முரட்டுத்தனமாக ஒரே ஸ்பேனரால் திருகினால் கழுத்தோடு கிழியும். புது வால்வில் டெஃப்லான் டேப்பை மரை ஏறும் திசையிலேயே சுற்ற வேண்டும். பழையதன் தலையில் 3 பார் என்று எழுதியிருந்தால் புதியதும் 3 பார். சொட்டாமல் இருக்கட்டும் என்று அதிக பார் அளவுள்ளதை வாங்குபவர்கள், டாங்க் எவ்வளவு தாங்கும் என்று அதன் லேபிளைப் பார்ப்பதில்லை.

கசிவை நிறுத்த வெளியேற்றுக் குழாயை அடைத்து வைத்திருந்த படகையும் பார்த்திருக்கிறேன். இதைப் படிக்கும் யாரும் அதைச் செய்யக்கூடாது. ஹீட்டரின் தெர்மோஸ்டாட் ஒட்டிக்கொண்டால், 3 பார் அழுத்தத்தில் தண்ணீர் 140 டிகிரியைத் தாண்டியும் கொதிக்காமல் இருக்கும். அந்த நிலையில் டாங்க் பிளந்தால் அந்தத் தண்ணீரில் ஒரு பகுதி ஒரு நொடியில் ஆவியாகி, ஆள் உறங்கும் குறுகிய அறைக்குள் பாயும்.

சொட்டும் நீர் எங்கே விழுகிறது என்பதையும் பாருங்கள். சில படகுகளில் வெளியேற்றுக் குழாய் படகின் அடித்தளத்தில், பலகைக்குக் கீழே முடிந்துவிடும். அங்கே தேங்கும் நல்ல தண்ணீர் இரும்புத் தகட்டை உள்ளிருந்தே அரிக்கும். குழாயை வளைவு நெளிவில்லாமல் இறக்கத்திலேயே கொண்டுபோய், பக்கச் சுவர் வழியே வெளியே விடுவது நல்லது. பனிக்காலத்தில் படகைப் பூட்டிவிட்டுப் போகிறவர்கள் டாங்கையும் வடித்துவிட வேண்டும். உறையும் தண்ணீர் வால்வையும் சவ்வையும் சேர்த்தே கெடுக்கும்.

வேலை முடிந்து பம்பைப் போட்டதும் புது மரையில் டார்ச் அடித்துப் பாருங்கள். டாங்க் முழுக்கச் சூடேறிய பிறகு, காய்ந்த காகிதத்தால் இணைப்பைத் துடைத்து இன்னொரு முறை பாருங்கள். குளிரில் பிடித்துக்கொள்ளும் இணைப்பு சூட்டில் விட்டுக்கொடுப்பதுண்டு.