மனசு 'ஓடு' என்றாலும்...

தாம்பரத்திலிருந்து கடற்கரை ஸ்டேஷன் வரை ரயில் பாதை சுமார் 29 கி.மீ. மாரத்தான் ஓட்டமோ 42.195 கி.மீ.! அதையும் தாண்டினால் 'அல்ட்ரா' ஓட்டம். கால் கெஞ்சும்போதும் ஓட வைப்பது மனசுதான். அந்தப் பிடிவாதமே ஆபத்தாகவும் முடியலாம், ஜாக்கிரதை!

நம்ம ஊர்ப் புழுக்கத்தில் வியர்வை சட்டென்று உலராது, உடல்சூடும் தணியாது. அதற்காக மடக் மடக்கென்று தண்ணீர் குடித்துக்கொண்டே ஓடலாமா? கூடாது. ரத்தத்தில் சோடியம் குறைந்துவிடும். 2002 பாஸ்டன் மாரத்தானில் ரத்தப் பரிசோதனை செய்த 488 பேரில் 13 சதவிகிதத்தினருக்கு இந்தக் கோளாறு இருந்தது. தாகத்துக்கு மட்டும் குடியுங்கள்.

தலைவலி, வாந்தி, பேச்சில் குழப்பம் வந்தால் ஓட்டத்தை நிறுத்திவிட்டு உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். உடம்பு கொதித்தால் முதலில் தண்ணீர் ஊற்றிக் குளிர வைக்க வேண்டும். குழம்பிய மனசுக்குத் தன் நிலைமை தெரியாது. எனவே, தனியாக ஓடாதீர்கள்; துணைக்கு ஒருவர் அவசியம்!