மெத்தென்ற துணியும் மெய்யான சலவையும்

சென்ற கார்த்திகையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஃபரீதாபாத்தில் இருக்கும் என் அக்காள் வீட்டிற்குச் சென்றிருந்தேன். டில்லிக்குப் படிக்க வந்த தமிழ் மாணவனுக்கு, இரசஞ்சாதம் எந்தத் திசையில் கிடைக்குமோ அந்தத் திசையில் கால்கள் தாமே நடக்கும். அன்றும் இரசம் இருந்தது. ஆனால் வீட்டில் வழக்கமான கலகலப்பு இல்லை. ஆறு மாதக் குழந்தை ஓயாமல் அழுதுகொண்டிருந்தது; தொடையிடுக்கில் தோல் செக்கச் சிவந்திருந்தது. அக்காளின் மாமியார், "இந்தக் காலத்துப் பெண்களுக்குத் துணி அலசத் தெரியவில்லை. மிஷினில் போட்டு எடுத்தால் இப்படித்தான் ஆகும்" என்று கூடத்திற்குக் கேட்கும்படி சொன்னார்கள். அக்காள் என் பக்கம் திரும்பினாள். "ஏண்டா தம்பி, ஐந்து வருஷமாய்க் கெமிஸ்ட்ரி படிக்கிறாயே, இந்தத் துணி சமாசாரம் ஒன்று உனக்குத் தெரியாதா?" என்றாள்.

தெரியாது என்பதே உண்மை. மூலக்கூறுகளின் அமைப்பைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதத் தெரிந்த எனக்கு, என் சட்டை ஏன் விறைக்கிறது என்று சிந்திக்க அதுவரை தோன்றியதில்லை. அன்று தொடங்கிய ஆராய்ச்சியின் பயனே இக்கட்டுரை.

நடந்தது இதுதான். தாத்தாவின் பழைய வேட்டிகளைக் கிழித்து, ஓரம் அடித்து, குழந்தைக்கென்று ஒரு மூட்டை துணி தமிழ்நாடு எக்ஸ்பிரசில் வந்த ஒருவரிடம் அம்மா கொடுத்தனுப்பியிருந்தாள். இருபது வருஷம் துவைத்த வேட்டி; பூப்போல இருக்கும். ஃபரீதாபாத்தின் ஆழ்குழாய்த் தண்ணீரில் நாலு முறை துவைத்ததும் அது அப்பளம்போல் ஆகிவிட்டது. பக்கத்து வீட்டு அம்மாள் ஒரு சீசாவைக் காட்டி, "இதை ஒரு மூடி ஊற்றுங்கள்" என்று வழி சொல்லியிருக்கிறார். கடைக்காரர்கள் 'கண்டிஷனர்' என்று கூறும் அந்தத் திரவத்தைத் துணி மென்மையூட்டி என்று நாம் அழைக்கலாம். ஊற்றியதும் துணி மெத்தென்று ஆயிற்று, மணமும் வந்தது. ஒரு மூடி இரண்டாகி, இரண்டு மூன்றாயிற்று. ஒரு மாதம் கழித்து, துணி ஈரத்தைக் குடிக்க மறுத்தது. சிறுநீர் துணியில் ஊறாமல் மேலே ஓடி, குழந்தையின் தோலிலேயே நின்றது. ஈரம் தங்கியதால் வந்த புண் என்றுதான் மருத்துவரும் கூறினார்; வாசனைப் பொருள் எதுவும் குழந்தைத் துணியில் வேண்டாம் என்றும் சேர்த்துச் சொன்னார்.

ஆகவே, குற்றம் அலசத் தெரியாமையில் இல்லை. சீசாவுக்குள் இருப்பது யாது என்று பார்ப்போம்.

பருத்தி இழை நீரில் நனைந்ததும் அதன் மேற்பரப்பு எதிர் மின்னூட்டம் பெறுகிறது. நாம் சலவைக்கு இடும் தூளின் முக்கியப் பொருளும் எதிர் மின்னூட்டம் உடையதே. ஓரின மின்னூட்டங்கள் ஒன்றையொன்று விலக்கும் என்பது பள்ளிக்கூடப் பாடம். அழுக்கைப் பிடித்துக்கொண்ட தூள் மூலக்கூறு துணியில் திரும்ப ஒட்டாமல் தண்ணீரோடு போவதற்கு இவ்விலக்கமும் ஒரு காரணம். மென்மையூட்டியின் போக்கு இதற்கு நேர்மாறு. அதன் மூலக்கூறுக்கு நேர் மின்னூட்டமுள்ள ஒரு தலையும், கொழுப்பாலான இரண்டு நீண்ட வால்களும் உண்டு. தலை பருத்தியை நாடிச் சென்று ஒட்டிக்கொள்ளும். வால்கள் வெளியே நீட்டி நிற்கும். சலவைத் தூள் போவதற்காகவே வருவது. மென்மையூட்டியோ தங்குவதற்காகவே வருவது. அது துணியைச் சுத்தம் செய்வதில்லை. ஒவ்வோர் இழைக்கும் மெல்லிய கொழுப்புப் போர்வை போர்த்துகிறது. அப்போர்வையின்மேல் விரல் வழுக்குவதைத்தான் நாம் மென்மை என்று உணர்கிறோம்.

அந்தக் கொழுப்பு எங்கிருந்து வருகிறது என்று மரக்கறி உண்ணும் நண்பர்கள் கேட்கக்கூடும். நெடுங்காலம் இது மாட்டுக்கொழுப்பிலிருந்தே பெரும்பாலும் செய்யப்பட்டது. பனையெண்ணெயிலிருந்து செய்வதும் உண்டு. பழைய வகை, ஆற்று நீரில் சேர்ந்தபின் எளிதில் சிதையாமல் கிடந்ததனால், 1990ஐ ஒட்டிய ஆண்டுகளில் ஐரோப்பாவில் அதைக் கைவிட்டு, நுண்ணுயிர்கள் விரைவில் சிதைக்கக்கூடிய வேறொரு வகைக்கு மாறினார்கள்.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. செடியிலிருந்து பறித்த பஞ்சைத் தண்ணீரில் போட்டுப் பாருங்கள், மிதக்கும். மருந்துக்கடைப் பஞ்சைப் போடுங்கள், உடனே மூழ்கும். இயற்கைப் பஞ்சின்மேல் மெழுகு படிந்திருப்பதே காரணம். காரம் சேர்த்துக் காய்ச்சி அம்மெழுகை நீக்கிய பின்னரே பருத்தி நீரைக் குடிக்கும். ஆலையில் ஒருவர் பாடுபட்டு நீக்கியதை, நாம் காசு கொடுத்து வாங்கி, வேறு வடிவில் திரும்பவும் பூசுகிறோம்!

வெறும் வாதமாக இருக்க வேண்டாமே என்று அன்று மாலையே ஒரு சிறு சோதனை செய்தேன். மென்மையூட்டி பட்ட குழந்தைத் துணி ஒன்று, அம்மாவின் மூட்டையில் பிரிக்காமல் இருந்த துணி ஒன்று. இரண்டையும் மேஜைமேல் விரித்தேன். மருந்து ஊற்றும் சொட்டுக்குழலால் ஒவ்வொன்றிலும் ஒரு சொட்டு நீர் விட்டேன். புதிய துணியில் சொட்டு விழுந்த இடமே தெரியவில்லை. மற்றதில் அது முத்துப்போல் உருண்டு நின்றது. நான் ஒன்பது எண்ணிய பிறகுதான் மெல்ல உள்ளே இறங்கியது. மாமியார் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வந்து இரண்டாம் முறை செய்யச் சொன்னார்கள். மூன்றாம் முறை சொட்டுக்குழலைத் தாமே வாங்கிக்கொண்டார்கள். அதன்பின் அலசல் பற்றி அன்று பேச்சு எழவில்லை. இச்சோதனைக்குப் பல்கலைக்கழக ஆய்வுக்கூடம் தேவையில்லை. உங்கள் குளியல் துண்டிலேயே செய்து பார்க்கலாம்.

சரி, மென்மையூட்டி வேண்டாம் என்றால், அப்பளம்போல் விறைத்த துணிக்கு வழி என்ன? விறைப்பு எங்கிருந்து வருகிறது என்று தெரிந்தால் வழியும் தெரியும். விறைப்புக்குக் காரணம் இரண்டு.

முதலாவது தண்ணீர். டில்லியைச் சுற்றியுள்ள ஊர்களின் நிலத்தடி நீரில் கால்சியம், மெக்னீசியம் உப்புகள் மிகுதி. இதையே கடின நீர் என்கிறோம். சோப்பு இந்த உப்புகளோடு சேர்ந்து, கரையாத பிசுக்காகத் துணியில் படியும். தூளில் சலவைச் சோடா இருந்தால், அது கால்சியத்தோடு கூடிச் சுண்ணாம்புத் துகளாக இழைகளுக்கிடையே அமரும். நுரை வரவில்லையே என்று நாம் மேலும் ஒரு கை தூளைப் போடுகிறோம். அதை அலசித் தீர்க்கத் தண்ணீரும் போதுவதில்லை, பொறுமையும் போதுவதில்லை. துணி விறைக்கிறது. விறைத்த துணிக்கு மென்மையூட்டி இடுகிறோம். ஒரு படிவின்மேல் இன்னொரு படிவு ஏறுகிறது! நம் விடுதியில் சிலர் செய்வது இதனினும் வியப்பு. தூள் கரைத்த அதே வாளியில் மென்மையூட்டியையும் ஊற்றிவிடுகிறார்கள். நேர் மின்னூட்டமும் எதிர் மின்னூட்டமும் ஒன்றையொன்று கட்டிக்கொள்ள, தண்ணீர் மோர் திரிந்ததுபோல் கலங்கும். தூளும் வீண், திரவமும் வீண். அதைக் கடைசி அலசலில் மட்டும் இடவேண்டும் என்று சீசாவில் எழுதியிருப்பது இதனால்தான்.

இரண்டாவது காரணம் நுட்பமானது. நல்ல நீரில் துவைத்த பருத்தியும் கொடியில் அசையாமல் காய்ந்தால் விறைக்கும். பருத்தி என்பது செல்லுலோஸ். நீர் மூலக்கூறுகளை ஹைட்ரஜன் பிணைப்பால் பற்றிக்கொள்ளும் இயல்புடையது. துணி காய்ந்துவிட்டது என்று நாம் நினைக்கும்போதும் இழையின்மேல் ஒரு மெல்லிய நீர்ப்படலம் எஞ்சியிருக்கும். அடுத்தடுத்த இழைகளை ஒட்டவைக்கும் பசைபோல் அந்நீர் வேலை செய்கிறது. ஜப்பானில் ஹொக்கைடோ பல்கலைக்கழகத்தாரும் காவோ நிறுவனத்தாரும் சேர்ந்து இந்நீரை நுண்ணிய கருவிகளால் நேரே கண்டு 2020இல் வெளியிட்டார்கள். நமக்கு இதில் அதிசயம் ஒன்றும் இருக்க வேண்டியதில்லை. "உதறிக் காயப்போடு, உதறி மடி" என்று நம் வீடுகளில் சொல்வதில்லையா? உதறும்போது இழைகளை ஒட்டிய அப்பிணைப்புகள் பிரிகின்றன. காற்றில் படபடக்கும் துணி மிருதுவாக இருப்பதும், காற்றோட்டமில்லாத விடுதி அறையில் காய்ந்த துண்டு மரப்பட்டைபோல் நிற்பதும் இக்காரணம் பற்றியே. போதாதென்று விறைப்பையே விரும்பி, வடிகஞ்சியை ஊற்றி இழைகளை ஒட்டவைத்துக்கொண்டவர்களும் நாம்தாம். கஞ்சி போட்ட வேட்டியின் மொடமொடப்பு இல்லாமல் என் தாத்தா கல்யாண வீட்டுக்குப் போனதில்லை.

அக்காள் வீட்டில் நாங்கள் செய்தது மிகச் சிறிது. மென்மையூட்டியை நிறுத்தினோம். தூளைப் பாதியாகக் குறைத்தோம். ஏற்கெனவே படிந்த கொழுப்பைப் போக்க, வெந்நீரில் தூள் மட்டும் இட்டு நாலு தடவை துவைத்தோம். கடைசி அலசலுக்குப் பிள்ளைத் துணி வாளியில் இரண்டு மேசைக்கரண்டி வெள்ளை வினிகர் விட்டோம். அதன் புளிப்பு, எஞ்சிய காரத்தைச் சமன்செய்து, படிந்த சுண்ணாம்பில் ஒரு பகுதியைக் கரைக்கும். இங்கே ஓர் எச்சரிக்கை: துணி வெளுக்க இடும் பிளீச்சிங் திரவத்தோடு வினிகரை ஒருபோதும் கலக்கக்கூடாது. குளோரின் வாயு கிளம்பும். மூடிய குளியலறையில் அது உயிருக்கே ஆபத்து. இயந்திரத்தில் ஊற்றுவதாயின் வினிகரையும் அளவோடு ஊற்றுங்கள். உள்ளிருக்கும் இரப்பர் வளையத்திற்குப் புளிப்பு நாளடைவில் ஆகாது. மூன்று வாரத்தில் துணி மீண்டும் நீரைக் குடித்தது. புண்ணும் ஆறிற்று. மாதம் இருநூறு ரூபாய்க்கு மேல் சீசாவுக்குப் போய்க்கொண்டிருந்ததும் மிச்சம்.

அப்படியானால் மென்மையூட்டி முழுதும் வீண்தானா? அவ்வாறு கூறுவது நியாயமன்று. அந்தப் போர்வையால் நன்மை பெறும் துணிகளும் உண்டு. டில்லியின் மார்கழியில் ஸ்வெட்டரைத் தலைவழியே கழற்றும்போது சடசடவென்று பொறி பறப்பதையும், கதவுப்பிடியைத் தொட்டதும் விரலில் சுருக்கென்று பாய்வதையும் நம்மில் அறியாதவர் இரார். தமிழ்நாட்டின் ஈரக்காற்றில் வளர்ந்தவர்களுக்கு முதல் குளிர்காலத்தில் இது பேயின் வேலையாகவே தோன்றும். வறண்ட காற்றில் கம்பளியும் பாலியெஸ்டரும் உராயும்போது மின்னூட்டம் வழிந்தோட இடமின்றித் தேங்குகிறது. மென்மையூட்டி உராய்வைக் குறைத்து, சிறிது ஈரத்தையும் பிடித்துவைத்து, அம்மின்னூட்டம் மெல்லக் கசிந்து போகச் செய்யும். ஸ்வெட்டருக்கும் பாலியெஸ்டர் போர்வைக்கும் குளிர் மாதங்களில் அளவோடு இடுவதில் பயன் உண்டு. சேலைக்கும் சட்டைக்கும் இட்டால் சுருக்கம் சற்றுக் குறையும். இஸ்திரிப் பெட்டி எளிதில் ஓடும். இதற்குக் காசு கொடுப்பதும் கொடாததும் அவரவர் விருப்பம்.

ஆனால் துண்டு, குழந்தைத் துணி, தரை துடைக்கும் துணி, வியர்வையை உறிஞ்சுவதற்கென்று நெய்த விளையாட்டுச் சட்டை ஆகியவற்றின் தொழிலே நீரை ஏற்பது. அவற்றிற்கு மென்மையூட்டி பகை. இன்னொன்றும் உண்டு. பூந்துவாலைபோல் மயிர்த்துச் சிலிர்த்த துணிகளில் இந்தக் கொழுப்புப் படிவு தீப்பற்றும் வேகத்தைக் கூட்டும். தீ எளிதில் பற்றாதபடி பக்குவம் செய்த குழந்தைகளின் இரவு உடைகளில், மென்மையூட்டி இடாதீர் என்று அமெரிக்காவில் சீட்டுத் தைத்து விற்கிறார்கள். இட்டால் அப்பக்குவத்தின் பயன் குறையும். அடுப்பங்கரையில் பூந்துவாலையைத் தோளில் போட்டுக்கொண்டே சமைக்கும் பழக்கம் உள்ளவர்கள் இதை நினைவில் வைக்க வேண்டும்.

போன வாரம் அக்காள் வீட்டிற்குப் போனபோது குழந்தை தவழ்ந்து வந்து என் காலைப் பிடித்தது. மாமியார் கொடியிலிருந்து துணிகளை எடுத்து, ஒவ்வொன்றாக உதறி மடித்துக்கொண்டிருந்தார்கள். அரைச் சீசா மென்மையூட்டி மிச்சமிருந்ததை, "விடுதிக்கு எடுத்துப் போடா, தூக்கி எறிய மனம் வரவில்லை" என்று அக்காள் என் பையில் வைத்துவிட்டாள். அது இப்போது என் அறை ஜன்னலோரத்தில் இருக்கிறது. ஸ்வெட்டர் துவைக்கும் நண்பர்கள் வந்து ஒரு மூடி எடுத்துக்கொள்ளலாம். துண்டை மட்டும் கொண்டு வராதீர்கள்.