பட்டை மறைகிறதா? கொழுப்பு நொதிக்கு பிளாக்கிங் பெப்டைடு சோதனை

கொழுப்பு அமிலத்தைக் கட்டும் நொதியான ஃபேட்டி ஆசிட் சின்தேஸுக்கு பிளாக்கிங் பெப்டைடு வாங்கியதும், சிலர் அதைச் செல்வளர்ப்பில் கலக்கப் பார்க்கிறார்கள். அது நொதியின் வேலையை நிறுத்தாது; அதற்கு செருலெனின் போன்ற தடுப்பான்கள் இருக்கின்றன. இந்தப் பெப்டைடு ஆன்டிபாடியின் வாயை மட்டுமே அடைக்கும். எந்தத் துண்டைச் செலுத்தி ஆன்டிபாடியை உண்டாக்கினார்களோ, அதே அமினோ அமில வரிசைதான் குப்பியிலும் இருக்க வேண்டும். இரண்டின் தரவுத்தாளையும் ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

நொதி பெரியது, சுமார் 273 கிலோடால்டன். 6 சதவீத ஜெல், குளிர் அறையில் இரவு முழுக்க வெட் டிரான்ஸ்ஃபர். ஹெப்ஜி2 செல் லைசேட்டை ஒரே ஜெல்லின் இரு பாதிகளிலும் சம அளவு ஏற்றி, மெம்பிரேனை நடுவே வெட்டுங்கள். தனித்தனி ஜெல்லில் ஓட்டியதை ஒப்பிடுவதை நான் ஏற்பதில்லை.

பெரும்பாலோர் சறுக்குவது அடுத்த படியில். ஆன்டிபாடி மிதமிஞ்சி இருந்தால் எவ்வளவு பெப்டைடு போட்டாலும் மிச்ச ஆன்டிபாடி பட்டையைக் காட்டிவிடும். அதனால் தெளிவான பட்டை தரும் மிகக் குறைந்த அடர்த்தியை முதலில் கண்டுபிடியுங்கள். அது மில்லிக்கு 1 மைக்ரோகிராம், ஒரு பாதிக்கு 5 மில்லி கரைசல் என்று வைத்துக்கொள்வோம். இரண்டு குழாய்களில் அரை மில்லி பஃபரும் 5 மைக்ரோகிராம் ஆன்டிபாடியும் எடுங்கள். ஒன்றில் எடையில் ஐந்து மடங்கு, அதாவது 25 மைக்ரோகிராம் பெப்டைடு. மற்றதில் அதே கன அளவு பெப்டைடு கரைத்த திரவம் மட்டும். ஐந்து மடங்கு போதுமா என்று கேட்பார்கள். ஆன்டிபாடி 150 கிலோடால்டன், பெப்டைடு சுமார் 2 கிலோடால்டன். மூலக்கூறு எண்ணிக்கையில் அது முந்நூறு மடங்கைத் தாண்டுகிறது. தாராளம்.

இரண்டு குழாய்களையும் 4 டிகிரியில் இரவு முழுக்க மெதுவாகச் சுழல விடுங்கள். அறை வெப்பத்தில் அரை மணி நேரம் போதும் என்று சில தரவுத்தாள்கள் சொல்லும். எனக்கு இரவுதான் நம்பிக்கை. பெப்டைடு இல்லாத குழாயை மறுநாள் காலையில் அவசரமாகத் தயாரிப்பதுதான் பெரிய தவறு. இரவெல்லாம் சுழன்றதால் ஆன்டிபாடி பலம் குறைந்ததா, பெப்டைடு பிடித்ததால் பட்டை போனதா என்று பிறகு யாராலும் சொல்ல முடியாது. கை வசம் இருந்தால், லைசேட்டை மூன்று பகுதிகளில் ஏற்றி மெம்பிரேனை மூன்றாக வெட்டி, மூன்றாவது குழாயில் சம்பந்தமில்லாத வேறொரு பெப்டைடைப் போடுங்கள். அதில் பட்டை அப்படியே நிற்க வேண்டும்.

காலையில் ஒவ்வொரு குழாயையும் 5 மில்லியாக நீர்க்கச் செய்து, அதற்குரிய மெம்பிரேன் துண்டில் ஊற்றுங்கள். மற்றதெல்லாம் வழக்கம்போல. படம் எடுக்கும்போது பாதிகளை அருகருகே வைத்து ஒரே எக்ஸ்போஷரில் எடுங்கள். தனித்தனியாக எடுத்தால், தானியங்கி முறை வெற்றுப் பாதியையும் வெளிச்சம் கூட்டிக் கறுப்பாக்கிவிடும்.

மறையாத பட்டைகள் அந்தத் துண்டின் வழியாக ஒட்டியவை அல்ல. மறைந்த பட்டையோ, ஆன்டிபாடி அந்தத் துண்டின் வழியாகவே ஒட்டியது என்பதை மட்டும் சொல்கிறது. அதே வரிசை வேறொரு புரதத்தில் இருந்தால் அதுவும் சேர்ந்தே மறையும். ஆகவே எஸ்ஐஆர்என்ஏ கொடுத்து நொதியைக் குறைத்த லைசேட் ஒன்றையும் கட்டாயம் ஓட்டுங்கள். பெப்டைடில் மறைந்த அதே பட்டை இந்த லைசேட்டிலும் மங்கினால்தான் அதை ஆய்வேட்டில் நொதி என்று எழுதலாம்.

மிச்சப் பெப்டைடைச் சிறு பங்குகளாகப் பிரித்து உடனே மைனஸ் 20-இல் வையுங்கள். வரிசையில் சிஸ்டீன் இருந்தால், ஒருமுறை உருக்கிய பங்கை மறுபடி உறைய வைக்காமல் கொட்டிவிடுங்கள்.